கூஸ் வேகும் நேரம்

எங்கள் வீட்டில் கிறிஸ்மஸுக்கு கூஸ் சமைப்பது நான்தான். கூஸ் என்றால் வாத்து இல்லை, வாத்துக்குப் பெரியப்பா. அதை முழுசாக ஓவனில் வைத்து, ஆங்கிலேயர் வீட்டு முறைப்படி ரோஸ்ட் செய்வேன். வருஷத்தின் மற்ற நாட்களில் எனக்கும் அடுப்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்த ஒரு நாள் மட்டும் என் மனைவி குணசுந்தரி சமையலறைக்குள் தலைகாட்டக் கூடாது.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. மலேசியாவின் தைப்பிங்கிலிருந்து படிக்க வந்த முதல் வருஷம், கிறிஸ்மஸ் அன்று லண்டனே கதவைச் சாத்திக்கொண்டது. பஸ் இல்லை, ரயில் இல்லை, திறந்த கடை ஒன்றுகூட இல்லை. ஆர்ச்வேயில் ஒரு வாடகை அறையில் நானும் பத்மநாதனும் ஒரு சார்டின் டின்னைத் திறந்து காய்ந்த ரொட்டியோடு தின்றோம். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னல் திரையை இழுத்துவிடவில்லை. நீள மேஜை, மெழுகுவத்தி, நடுவில் பொன்னிறமாக ஒரு பறவை. வீட்டு அப்பன்காரன் எழுந்து நின்று, கத்தியால் அறுத்து அறுத்து ஒவ்வொருவர் தட்டிலும் வைத்தான். எனக்கென்று ஒரு குடும்பம் வந்தால் அவர்கள் அந்த ஜன்னலுக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே நின்று பார்க்கக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். பத்மநாதனிடமும் சொன்னேன். "என்னையும் கூப்பிடுடா" என்றான்.

கூப்பிட்டேன். இல்ஃபோர்டில் நான் வீடு வாங்கியதிலிருந்து ஒரு கிறிஸ்மஸ் தவறாமல் பக்கத்து ஊர் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து மனைவி சுலோச்சனாவோடு வந்து, என் வலப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இந்த வருஷம் போன வருஷத்தை மிஞ்சிருச்சுடா தர்மா" என்பான். அவனைப் பற்றி இதற்கு மேல் இப்போதே சொன்னால் வாயில் நல்ல வார்த்தை வராது.

கூஸ் லேசுப்பட்ட பறவை இல்லை. கோழி மாதிரி மசாலா தடவி மறந்துவிட்டுப் போக முடியாது. முதல் நாளே தோலை மட்டும் ஊசியால் குத்த வேண்டும், சதையில் படக் கூடாது. பிறகு கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றி, துடைத்து, ராத்திரி முழுக்க உலர விட வேண்டும். சேஜ் இலையும் வெங்காயமும் ரொட்டித்தூளும் பிசைந்து வயிற்றுக்குள் அடைக்க வேண்டும். ஓவனுக்குள் போன பிறகு அதன் கொழுப்பு உருகி உருகி வழியும். அதை அடிக்கடி வடித்து எடுத்து, அதிலேயே உருளைக்கிழங்கைப் போட வேண்டும். தொட்டுக்கொள்ள ஆப்பிள் சாஸ். மிளகாய் மட்டும் மேஜைக்கு வரவே கூடாது. ஒரு தடவை என் மகன் லோகன் கோட் பைக்குள் சம்பால் போத்தலை ஒளித்துக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டான். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வந்து எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

கிறிஸ்மஸ் காலையில் நான் அடுப்படியில் நிற்க, மற்றவர்கள் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போவார்கள். அதுவும் எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. குணசுந்தரி, லோகன், மகள் துளசி, பத்மநாதன் குடும்பம் எல்லோரும் சேர்ந்து போவார்கள். நான் மாமிசத்தில் கை வைத்தவன், கோயிலுக்குப் போகக் கூடாது. மதியம் எல்லோரும் நெற்றியில் திருநீறோடு திரும்பி வருவார்கள். குணசுந்தரி ஒரு பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் பூசிவிடுவாள். பிறகு நான் கூஸை மேஜைக்குக் கொண்டுவருவேன்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் எனக்கு ஒரு தவிப்பு இருந்தது. துளசிக்கு மெல்போர்னில் வேலை கிடைத்து, பொங்கலுக்கு முன்னால் கிளம்புவதாக இருந்தது. இனி எந்தக் கிறிஸ்மஸுக்கு நாங்கள் நான்கு பேரும் ஒரே மேஜையில் உட்காருவோமோ தெரியாது. என் மகள் எங்கே போனாலும் இந்த ஒரு மேஜையை மறக்கக் கூடாது என்பதுதான் என் ஆசை. அதனால் பெரிய பறவையாகப் பார்த்து எசெக்ஸ் பண்ணையொன்றில் சொல்லிவைத்து வாங்கினேன்.

காலையில் வழக்கம்போல லோகனின் காரில் ஏறிப் போனார்கள். "பசியாறாம இருக்காதீங்க, மேஜைமேல ரொட்டி இருக்கு" என்று குணசுந்தரி அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

பாதி வெந்துகொண்டிருக்கும்போது ஓவனிலிருந்து புகை வந்தது. மெல்லிய அலுமினியத் தாள் தட்டில் ஓட்டை. பறவையின் கனம் தாங்காமல் தட்டு கிழிந்து, கொழுப்பெல்லாம் அடியில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஓவனை அணைத்தேன். பத்மநாதன் வீட்டில் நல்ல ஆழமான இரும்புத் தட்டு ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அவன் வீட்டுச் சாவி என்னிடம் உண்டு, என் வீட்டுச் சாவி அவனிடம் உண்டு. விடுமுறைக்குப் போனால் ஒருவர் செடிக்கு மற்றவர் தண்ணீர் ஊற்ற வேண்டுமே. அவர்கள்தான் கோயிலில் இருப்பார்களே, நாமே திறந்து எடுத்துக்கொள்வோம் என்று என் பழைய காரை எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் லோகனின் கார் நின்றது, எல்லோரும் பத்மநாதன் காரில் கோயிலுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்ததும் கோழிக் குழம்பு வாசனை முகத்தில் அடித்தது. நடையில் செருப்புகள் கிடந்தன. துளசியின் நீள பூட்ஸ், லோகனின் ஷூ, குணசுந்தரிக்கு நானே வாங்கிக் கொடுத்த பச்சைச் செருப்பு. சாப்பாட்டு அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

"இன்னும் ரெண்டு இடியாப்பம் வச்சுக்கடா லோகன். அங்க போயி அந்தக் கொழுப்பைத்தான் திங்கணும்" என்றான் பத்மநாதன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நான் போன வருஷம் பாதிய நாப்கின்ல சுத்தி பையில போட்டுட்டேன் அங்கிள்" என்றாள் துளசி. "மெல்போர்ன் போனா இதுல இருந்து தப்பிச்சேன்லா."

"மெதுவா பேசு. பாவம் அவரு" என்று குணசுந்தரி சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். "சுலோ, கெளம்பும்போது சாமி மேடையில இருந்து கொஞ்சம் திருநீறு மடிச்சுக் குடு. போன தடவை மறந்து பாதி வழியில இருந்து திரும்பி வந்தோம்."

திருநீறு அங்கிருந்துதான் வந்திருக்கிறது. இத்தனை வருஷமாக முருகனைச் சாட்சிக்கு இழுத்து என் நெற்றியில் பூசியிருக்கிறார்கள். அவர்கள் உடம்பிலிருந்து குழம்பு வாசனை ஏன் எனக்கு வரவில்லை என்று யோசித்தேன். எப்படி வரும்? காலையிலிருந்து கூஸ் புகையில் நிற்கிறவன் மூக்கில் வேறு என்ன ஏறும்? கூஸ் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன்தான். அதற்காக இப்படியா? என் மனைவி, நான் பெற்ற பிள்ளைகள், என்னோடு சார்டின் தின்றவன், எல்லோரும் ஒரு பக்கம். நான் மறுபடியும் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

உள்ளே போகவில்லை. சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கூஸ் பாதி வெந்து ஆறிக் கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வெட்டுக்கத்தியை எடுத்தேன். என் ஆத்திரம் முழுக்க அந்தப் பறவைமேல் இறங்கியது. எலும்போடு துண்டு துண்டாக வெட்டினேன். தீபாவளிக்கு ஆட்டுக்கறி சமைக்கும் பெரிய குவாலிச் சட்டியை இறக்கி, அதன் கொழுப்பையே ஊற்றி, பட்டை, சோம்பு, வெங்காயம், கருவேப்பிலை, குணசுந்தரி அரைத்து வைத்திருந்த மிளகாய் விழுது அத்தனையும் போட்டுப் பிரட்டினேன். ஆப்பிள் சாஸைக் குப்பையில் கொட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

அவர்கள் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார்கள். குணசுந்தரி பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் பூசினாள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

"கோயில்ல கூட்டமா?" என்று கேட்டேன்.

"நிக்க எடமில்லப்பா" என்றான் லோகன்.

"அபிஷேகம் பாத்தீங்களா?"

"கண் குளிரப் பாத்தோம்டா" என்றான் பத்மநாதன். "உன் பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிட்டேன்."

துளசி மூக்கை உறிஞ்சினாள். "என்னப்பா வேற மாதிரி வாசனை வருது?"

மெழுகுவத்திகளுக்கு நடுவில் குவாலியை அப்படியே வைத்து மூடியைத் திறந்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தட்டு கிழிஞ்சுபோச்சு, அதான் பிரட்டிட்டேன். சாப்பிடுங்க" என்றேன்.

முதலில் தயங்கி ஒரு துண்டு எடுத்தார்கள். அப்புறம் முள்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் சாப்பிட ஆரம்பித்தார்கள். லோகன் சோறு கேட்டான். பத்மநாதன் மூன்றாவது தடவை போட்டுக்கொண்டான். என் மகள் எலும்பைக் கடித்து உறிஞ்சினாள். "அப்பா, சத்தியமா, இது மாதிரி நான் சாப்பிட்டதே இல்ல" என்றாள். முதல் தடவையாக அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அந்த வயிற்றுக்குள் ஏற்கெனவே இடியாப்பமும் கோழியும் இருந்தன. அதற்கு மேலும் சாப்பிட்டாள். இத்தனை வருஷம் நான் விடிய விடிய நின்று சமைத்த பறவைக்கு ஒரு நாளும் யாரும் இரண்டாம் தடவை தட்டை நீட்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு துண்டு நானும் வாயில் போட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அடுத்த துண்டை எடுக்காமல் தட்டைத் தள்ளி வைத்தேன்.

குவாலி காலியானது. பத்மநாதன் விரலை நக்கிக்கொண்டு, "இந்த வருஷம் போன வருஷத்தை மிஞ்சிருச்சுடா தர்மா" என்றான்.

நான் சட்டைப்பையிலிருந்து அவன் வீட்டுச் சாவியை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இந்தா," என்றேன். "கோயில் சாவி."

பத்மநாதன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான். துளசியின் கையில் எலும்பு அப்படியே நின்றது. குணசுந்தரி மட்டும் என் நெற்றியைப் பார்த்தாள். நான் நாப்கினை எடுத்து அந்தத் திருநீற்றைத் துடைத்தேன்.