பன்னிரண்டு கிலோ

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில், இருபத்தாறு பெண்களின் கொழுந்தோடு ஐந்து சைக்கிள் பைகளும் நிறுக்கப்பட்டன.

அதில் ஒரு பை றோயுடையது. ஆறு நாள் சைக்கிள் பயணம். சோறு, படுக்கை, பழுதுபார்க்கும் சாமான் எல்லாவற்றையும் அவரவரே சுமக்க வேண்டும். நடத்துகிறவர் பதுளையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜெஸீம். போன வருடம் ஒருவன் இஸ்திரிப் பெட்டியோடு வந்து, மற்றவர்கள் அதை முறை வைத்துச் சுமந்து அப்புத்தளை ஏற்றத்தில் நாக்குத் தள்ளியதிலிருந்து அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். பை பன்னிரண்டு கிலோவைத் தாண்டினால் ஆள் வீட்டில்.

றோய் பசறையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்தான். ஆறு நாள் லீவு எடுத்தாயிற்று. குடியிருக்கும் தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. இனிப் போகாமல் நின்றால் அடுத்த தீபாவளி வரைக்கும் 'போகாதவன்' என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேர் இருக்காது. ஆகவே மூன்று வாரமாக ஆணி நிறுக்கும் தராசில் பையை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான். பல்துலக்கும் பிரஷின் காம்பை வாளால் அறுத்தான். பனடோல் மாத்திரை அட்டையின் ஓரத்தைக் கத்தரித்தான். எவர்சில்வர் கரண்டியில் ட்ரில் வைத்து எட்டுத் துளை போட்டான். அதன் பிறகு அதில் சோறு மட்டும் நின்றது, குழம்பு நிற்கவில்லை. கடைசியில் மீசையை மழித்துவிட்டு வந்து நின்றபோது மனைவி ஜெயந்தினி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, மீசைய பையிலயா வச்சிருந்தீங்க?"

வெள்ளிக்கிழமை மாலை தராசு பதினொரு கிலோ தொள்ளாயிரம் கிராம் காட்டியது. றோய் அதைப் போனில் படம் பிடித்து வைத்தான்.

சனிக்கிழமை காலையில்தான் லயத்து ஆட்கள் அவன் எந்த வழியாகப் போகிறான் என்பதை யோசித்தார்கள். தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை. அந்தப் பக்கம் பிள்ளை கட்டிக்கொடுக்காத வீடு லயத்தில் இல்லை. பஸ்ஸில் போகிறவன் கையில் பொதி கொடுப்பதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. சைக்கிளுக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்? ரெங்கம்மா தெமோதரையில் பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்கு ஒரு டப்பா லேகியம் கொண்டுவந்தாள். றோசாலி அப்புத்தளையில் இருக்கும் தங்கச்சிக்கு ஒரு போத்தல் அச்சாறு. மூன்றாவதாக வந்த ஸைனப், லயத்துக்குக் கீழே கடை வைத்திருப்பவள்; முஸ்லிம் வீட்டு வழக்கப்படி எல்லாருக்கும் 'தாத்தா', அதாவது அக்கா. அவள் பண்டாரவளை மருமகளுக்கு இரும்புத் தோசைக்கல் ஒன்றைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

"ஸைனப் தாத்தா, தோசைக்கல்லு பண்டாரவளையில விக்குதே!"

"இது பழகின கல்லு தம்பி. புதுசுல ஒட்டிக்கிரும்."

றோய் பையின் வாயை அவிழ்த்தான். வாங்கி வைத்துக்கொண்டான்.

ஜெஸீமும் மற்ற மூவரும் சைக்கிள்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து மடுவத்து முன்னால் இறங்கினார்கள். பையை நிறுக்கும் கைத்தராசை ஜெஸீம் கொண்டுவரவில்லை.

"அது முந்நூறு கிராம் மச்சான். பாரத்தைக் குறைக்கத்தான் கடையிலேயே வச்சிட்டு வந்தன்."

எனவே கொழுந்து நிறுக்கும் தராசு. காலை நிறுவைக்கு வந்த பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நிற்க, நடுவில் புகுந்தார்கள். ஜெஸீமின் பை பதின்மூன்றரை. மற்றவை பதின்மூன்று சொச்சம். அவர் முகம் மாறுவதற்குள் கணக்கப்பிள்ளை சின்னராசா புத்தகத்தைப் பார்த்தபடியே, முப்பது வருடப் பழக்கத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டைக் கழித்துச் சொல்லிக்கொண்டே போனார். றோயின் பை கடைசியாகக் கொக்கியில் ஏறியது.

"பதினாலு. கழிவு ரெண்டு. பன்னெண்டு. அடுத்தது!"

றோய்க்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் ஜெஸீம் கையைத் தூக்கினார். நியாயமான மனிதர், அதுதான் தொல்லை.

"கொஞ்சம் நில்லுங்க. என்ன கழிவு இது?"

"சாக்குக்கும் தண்ணிக்கும்," என்றார் சின்னராசா. "கொழுந்துல ஈரம் இருக்கும்ல."

"இது சைக்கிள் பை. இதில என்ன ஈரம்? எனக்கும் கழிக்க வேணாம். எங்கட பைகளும் பாரம் கூடத்தான், நாங்க சாமான வெளிய எடுக்கிறோம்."

சின்னராசா முதல்முறையாகப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பையைத் தொட்டுப் பார்த்தார். "ஆமா, காஞ்சுதான் கிடக்கு. காஞ்ச பைக்குக் கழிக்க மாட்டேன், போங்க."

வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண் சாக்கைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். அது ஜெயந்தினி.

"கணக்குப்புள்ள, மூணு நாளா மழை இல்ல. எங்க கொழுந்தும் காஞ்சுதானே கிடக்கு?"

"அது வேற, இது வேற."

"எப்புடி வேற? ஒரே தராசு. அந்த ரெண்டு கிலோவால நாள் கணக்கு எட்டாம போன மாசம் எனக்கு நாலு நாள் அரைப்பேரு. முழுநாள் வேலை செஞ்சு அரைநாள் சம்பளம்."

"எனக்கு அஞ்சு நாள்!" என்றாள் ரெங்கம்மா. பின்னாலிருந்து இன்னும் பல தொகைகள் வந்தன.

றோய் இடையில் புகுந்தான். "கணக்குப்புள்ள, என் பையில தண்ணிப் போத்தல் இருக்கு. ஒன்றரை லீட்டர். அதுவும் தண்ணிதானே? கழிக்கலாம்."

"நீங்க வாய மூடுங்க," என்றாள் ஜெயந்தினி.

சின்னராசா பேனாவை மூடியைப் போட்டு மூடினார். தப்பிக்க ஒரு வழி அவருக்குத் தெரிந்துவிட்டது. "சரி. பைக்குச் சொந்தக்காரனே சொல்லட்டும். றோய், உன் பை ஈரம்னு சொல்லு, உனக்கும் கழிக்கிறேன், எல்லாருக்கும் கழிக்கிறேன். காஞ்சதுன்னு சொல்லு, யாருக்கும் கழிக்கல. என்ன சொல்ற?"

இருபத்தாறு பெண்கள் அவனைப் பார்த்தார்கள். ஈரம் என்றால் ஆறு நாள் பயணம், காற்று, இறக்கம், எல்லாம் அவனுக்கு. அதற்கு அப்புறம் இந்த லயத்துக்குத்தான் திரும்பி வர வேண்டும். ஜெயந்தினி சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"காஞ்சதுதான்," என்றான் றோய்.

பெண்கள் கூச்சல் போட்டார்கள். யாரோ ஒருத்தி அவன் முதுகில் ஓங்கித் தட்டினாள். அவன் தரையில் குந்திப் பையைத் திறந்தான். மற்ற நால்வரும் அதற்குள் குந்திவிட்டிருந்தார்கள். ஜெஸீம் ஒரு மடக்கு நாற்காலியை வெளியே எடுத்து வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் இருந்தார்.

இரண்டு கிலோ. லேகியத்தைக் கையில் எடுத்தான். ரெங்கம்மா நேராக எதிரில் நின்றாள். திரும்ப வைத்தான். அச்சாறுப் போத்தலை எடுத்தான். றோசாலி தொண்டையைச் செருமினாள். தோசைக்கல்லைத் தொடவேயில்லை, ஸைனப் கடை வாசலில் நின்று இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சம் இருந்ததில் பாரமான சாமான் ஒன்றே ஒன்று. கூடாரம்.

"டேய், டென்ட் இல்லாம எங்கடா படுப்பாய்?" என்றார் ஜெஸீம்.

"தோசைக்கல்ல போர்த்திக்கிட்டுப் படுப்பாரு," என்றாள் ஜெயந்தினி. சிரிப்பை அடக்க முடியாமல் அடுத்த சாக்கின் மேலே சாய்ந்துவிட்டாள்.

கூடாரம் போனதும் பை பதினொரு கிலோ எண்ணூறு. சின்னராசா அதைச் சத்தமாகப் படித்தார், கழிவு சொல்லாமல். சொல்லும் இடத்தில் அவருக்கு வாய் ஒருதரம் தானாகத் திறந்து மூடியது.

பதினொன்றரைக்கு ஐந்து சைக்கிள்களும் பசறைப் பக்கம் இறங்கின. முதல் இரவு றோய் தெமோதரையில் ரெங்கம்மாவின் மகள் வீட்டில் படுத்தான். பிள்ளை விடிய விடிய அழுதது. அதற்கடுத்த இரவுகள் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் பொதி கொண்டுபோய்க் கொடுத்த வீடுகளில் கழிந்தன. மற்ற நால்வரும் கூடாரத்தில் மழையில் நனைந்தார்கள். வியாழக்கிழமை அவன் வீடு திரும்பினான். மடுவத்தில் திங்கட்கிழமையிலிருந்தே பழையபடி இரண்டு கிலோ கழிக்கத் தொடங்கியிருந்தார்கள்.