மஞ்சள் வேனில் ஒரு சுரண்டல்

என் கணவர் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், நான் ஒயரிங் செய்பவள். ஒரே பட்டறை, நடுவில் ஒரு திரை. அவருடைய அக்கா, அதாவது எனக்கு அண்ணி, இருந்த வேலையை விட்டுவிட்டு, பாட்டுப் போட்டுப் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரப் போகிறேன் என்று பழைய வேன் ஒன்றை வாங்கி வந்தார். அன்றுதான் இருவரும் ஒரே வண்டியில் கை வைத்தோம். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்று வாரம் உள்ளும் புறமும் இழைத்து மஞ்சள் அடித்தார் மனிதர். பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயருக்கு எர்த் கொடுக்க, அதாவது அதன் மைனஸ் ஒயரை வண்டித் தகரத்தோடு சேர்க்க, பாடியில் கட்டைவிரல் நகத்தளவு பெயிண்டைச் சுரண்ட வேண்டும் என்றேன். பெற்ற பிள்ளையைக் கிள்ளச் சொன்னதுபோல் பார்த்தார். பழைய போல்ட் ஒன்றைக் காட்டி அதிலேயே மாட்டச் சொன்னார். அதன் மேலும் பெயிண்ட். பெயிண்டுக்கு மேல் எர்த் சரியாகப் பிடிக்காது என்று தெரிந்தே மாட்டினேன். புருஷன் முகம் வாடக் கூடாதாம், என் புத்தியை என்ன சொல்ல. எஞ்சினை நிறுத்திவைத்துப் போட்டுப் பார்த்தோம், ஏதோ பாடியது.

முதல் வகுப்புக்குப் பூங்கா வாசலில் இருபது பெண்கள் வந்துவிட்டார்கள். எஞ்சினை ஓடவிட்டுப் பாட்டைப் போட்டார் அண்ணி. எர்த் பிடிக்காததால் எஞ்சினின் இரைச்சல் ஸ்பீக்கரில் ஏறி, பாட்டை அமுக்கிக்கொண்டு 'ங்ஙொய்' என்றது. ஒருத்தி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அண்ணி சிரித்துச் சமாளித்தார், ஆனால் கண் கலங்கிவிட்டது. எர்த் போல்ட்டைத் தொட்டேன், சுட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஒயரே கருகியிருக்கும். எனக்கு வெட்கமாகிவிட்டது.

எஞ்சினை நிறுத்திவிட்டு, பேட்டரியின் மைனஸைக் கழற்றினேன். "என்னங்க, சுரண்டியே ஆகணும்."

அவர் அக்காவைப் பார்த்தார். "தள்ளு. அடிச்சவன் நான், நானே சுரண்டுறேன்."

நகத்தளவு கேட்டேன், உள்ளங்கை அளவுக்குத் தகரம் பளபளக்கச் சுரண்டிவிட்டார். அரைகுறை வேலை அவருக்கு வராது. ஒயரை இறுக்கிப் பூட்டி, துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவினேன். பேட்டரியை மாட்டி எஞ்சினைக் கிளப்பினால், பாட்டு மட்டும் கணீரென்று வந்தது. இருபது ஜோடிக் கைகள் மேலே போயின. கைப்பைக்காரியும் பையைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கிரீஸ் கையோடு கடைசி வரிசையில் நின்று நானும் ஆடினேன்.

வகுப்பு முடிந்ததும் எங்கள் தெருவுக்கும் வருவீர்களா என்று நாலு பேர் அண்ணியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வந்தவர், சுரண்டிய இடத்தைப் பார்த்துத் தம்பியின் முதுகில் ஒன்று வைத்தார்.

"அடுத்த வண்டிக்கு மொதல்ல அவ எர்த் கொடுக்கட்டும்டா. அப்புறமா நீ பெயிண்ட் அடி."

அடுத்த வண்டியாம். என் கணவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"என்ன கலரு, அக்கா?" என்றார்.