ஒரு ஆள், அரை நாள்

ஜைலோசி மேஸ்திரியிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு ஊரில் சாவு விழுந்தால் ஒரு ஆள் போகலாம், அரை நாள். அதுதான் சட்டம். எழுதி ஒட்டியதில்லை. ஆனாலும் செங்கல் சுமக்க வருகிற புது ஆளுக்குக்கூட முதல் நாளே தெரிந்துவிடும். மற்ற மேஸ்திரிகளிடம் அப்படியில்லை. பக்கத்து ஊரில் ஒரு உயிர் போனால் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். ஆண்கள் குழி தோண்டுவார்கள், பெண்கள் மக்காச்சோளக் களி கிண்டுவார்கள். புதைத்து முடித்துக் கை கழுவும்வரை அந்த வட்டாரத்தில் சுத்தியல் சத்தம் கேட்காது. மலாவியில் பிறந்த எவனும் இதை ஏன் என்று கேட்டதில்லை. ஜைலோசி கேட்டார்.

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. முன்பு ஏரிக்கரைப் பக்கம் ஒரு பழைய தபால் நிலையத்துக்குக் காரை பூசிக்கொண்டிருந்தார். வாரம் தவறாமல் சாவு, வாரம் தவறாமல் வேலை நின்றது. கடைசியில் மழை முந்திக்கொண்டது, பாதிச் சுவரின் சுண்ணாம்பு கரைந்து வாசல் வழியே ஓடியது. அன்று அவர் வாங்கிய வசவுக்கு அளவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தச் சட்டம். இன்ஜினியர்களுக்கு அது சர்க்கரையாக இனித்தது. எங்கே எந்த அரசாங்கக் கட்டடம் விரிசல் விட்டாலும் ஜைலோசியைக் கூப்பிடு என்றார்கள். கோர்ட்டு, ஆஸ்பத்திரி, பாலம், போலீஸ் குடியிருப்பு என்று நாடு முழுக்க அலைந்து மனுஷன் ஓய்ந்துபோனார். சாரத்தில் ஏறினால் முட்டி வலித்தது, இறங்கினால் இடுப்பு வலித்தது. ஒருநாள் உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க மாட்டோம் என்ற பயத்திலேயே உட்காராமல் இருந்தார்.

இப்போது வேலை சிகோண்டே ஊர் போமாவில். வெள்ளைக்காரன் காலத்து மாவட்ட அலுவலகம். முகப்பில் லாரி நுழையும் அகலத்துக்கு ஒரு செங்கல் வளைவு. இடைக்காலத்தில் யாரோ புத்திசாலி அதன் விரிசலில் சிமெண்டை அடைத்துவிட்டுப் போயிருந்தான். சிமெண்ட் கெட்டியாக நின்றது, சுற்றியிருந்த செங்கல்தான் பொரிந்து கொட்டியது. அதைப் பிரித்து, மரச் சட்டம் போட்டு முட்டுக்கொடுத்து, பழைய மாதிரியே சுண்ணாம்புக் கலவையில் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வளைவு ஒற்றைக் கை வேலை இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு கொத்தனார், இரண்டும் சமமாக ஏறி உச்சியில் சேர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் கீழே இருக்கிற சட்டம் சாயும். வலது பக்கம் எப்போதும் ஜைலோசி, இடது பக்கம் அவர் தம்பி மெட்சன். அண்ணன் கலவையை மெல்லிசாக இழுப்பார். தம்பி கொஞ்சம் பருமனாகப் போடுவான். "ரொட்டிக்கு வெண்ணெய் தடவுறியாடா?" என்று அண்ணன் கத்துவார். "அது கெடக்கட்டும், செங்கலுக்கும் கொஞ்சம் மெத்தை வேணும்ல" என்பான் தம்பி. வாழ்க்கை முழுக்க இதே சண்டை. நாட்டில் அவர்கள் கட்டிய எந்த வளைவின் கீழே போய் நின்றாலும் எது தம்பி பக்கம் என்று ஜைலோசி கண்ணை மூடித் தடவியே சொல்லிவிடுவார்.

குழுவில் மூன்றாவது நல்ல கை டொரிக்கா. சித்தாளாக வந்து கொத்தனார் ஆனவள், வாயும் கையும் ஒரே வேகம். மழைக்காலம் முடிந்த கையோடு ஒருநாள் காலையில் வந்து ஊரில் சாவு என்று சொன்னாள். யார் என்று அவர் கேட்கவில்லை. அரை நாள் என்றார். பக்கத்தில் நின்ற மெட்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவனையும் போய் வேலையைப் பார் என்று விரட்டினார். மதியத்துக்கு மேல் இடுப்புத் துணியின் ஓரமெல்லாம் செம்மண்ணோடு வந்து டொரிக்கா கரண்டியைக் கையில் எடுத்தாள். அன்று அவள் வைத்த வரிகளில் ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் பிசகு இல்லை. இப்படி இருக்கணும் என்று அவர் மற்றவர்களிடம் சொல்லிக் காட்டினார். அவர்கள் குனிந்து கலவையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

வளைவு பாதி ஏறியிருந்தபோது மெட்சனுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலம் முடிந்தும் மலைச்சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்த நாட்கள். கலவையும் காயவில்லை, அவன் உடம்பும் தேறவில்லை. கபினாவில் இருக்கிற அக்கா எனெலெசி வீட்டுக்குப் போய்ப் படுக்கிறேன் என்று பஸ் ஏறினான். கபினாதான் அவர்கள் தாய்வழி ஊர். மினிபஸ்ஸில் இரண்டு மணி நேரம். நீயும் வந்து பார்த்துவிட்டுப் போ என்று அக்கா போன் செய்தாள். வளைவை மூடிவிட்டுச் சனிக்கிழமை வருகிறேன் என்றார் ஜைலோசி. பாதியில் விட்டு மழை பிடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தம்பி பக்கத்தை டொரிக்காவிடம் கொடுத்து வேலையை ஓட்டினார். வியாழக்கிழமை சாயந்தரம் திரும்பவும் போன் வந்தது. அக்காவின் அழுகை மட்டும் கேட்டது.

விடிந்ததும் அவர் கபினாவுக்குக் கிளம்பினார். இன்ஜினியருக்கு மட்டும் போன் செய்தார். ஆட்களிடம், மூடுகிற வேலை நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். வாருங்கள் என்று யாரையும் கூப்பிட அவருக்கு நா எழவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

அக்கா வீட்டுக்குள் பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். வெளியே மாமரத்தடியில் ஊர் ஆண்கள் இருந்தார்கள். வந்திருந்தார்கள், உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டிகள் சாத்தியபடியே இருந்தன. வெயில் ஏற ஏற ஜைலோசிக்கு விஷயம் விளங்கியது. குழிக்கு ஆள் எழுந்திருக்கவில்லை.

அவர் ஊர்த் தலைவர் கலாண்டாவின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்து கை தட்டி வணங்கினார். தண்டமாக ஆடு தருகிறேன், இரண்டாகவே தருகிறேன் என்றார். தலைவர் கோபக்காரர் இல்லை. நிதானமாகத்தான் பேசினார். அதுதான் கஷ்டமாக இருந்தது. தன் மகன் செத்தபோது வந்தாயா என்று கேட்டார். மாமரத்தடியில் இருந்த ஒவ்வொருவரையும் காட்டி, இவன் தாய்க்கு வந்தாயா, அவன் பெண்டாட்டிக்கு வந்தாயா என்று கேட்டார். எல்லாச் சாவுக்கும் அக்காதான் போயிருந்தாள். நாளைக்கு எனெலெசிக்கு ஒன்று என்றால் நாங்கள் கூப்பிடாமலே தோண்டுவோம் என்றார் தலைவர்.

"நீங்க ரெண்டு பேரும் அரசாங்கத்துக்குத்தானப்பா கட்டுனீங்க. அரசாங்கம் வந்து தோண்டட்டும்."

ஜைலோசி எழுந்துபோய் ஒரு மண்வெட்டியை எடுத்தார். பின்னாலிருந்து அக்கா ஓடிவந்து அதைப் பிடுங்கினாள். கூடப்பிறந்தவன் குழிக்கு மண்வெட்டி தூக்கக் கூடாது. அது அவருக்கும் தெரியும். வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் எடுத்தார். ஊருக்கெல்லாம் அஸ்திவாரம் தோண்டியவனுக்குத் தம்பியைப் புதைக்க ஆறடி மண் இல்லை. அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, எல்லோர் மேலும் எரிச்சலாகவும் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே தூக்கமாக வந்தது. அந்த நேரத்திலும் தூக்கம் வருகிறதே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மதியம் தாண்டியது. வீட்டுக்குள் பாட்டு தேய்ந்துகொண்டே வந்தது. இந்த வெயிலில் பிணம் எத்தனை நேரம் தாங்கும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அப்போது ஆள் ஏற்றுகிற வாடகை சைக்கிள் ஒன்று முற்றத்தில் வந்து நின்றது. பின்சீட்டிலிருந்து டொரிக்கா இறங்கினாள். வேலை உடுப்பு, முழங்கை வரை சுண்ணாம்பு, கையில் சைட்டு மண்வெட்டி. ஜைலோசி அவளுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார். பாதை காலியாக இருந்தது.

"மத்தவங்க?"

"எல்லாரும் வர்றோம்னுதான் நின்னாங்க. லாரியைக்கூட எடுத்துட்டாங்க. நான்தான் எறக்கி விட்டேன். உங்க சட்டம் ஒரு ஆள்தானே மேஸ்திரி?"

குத்தலாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவள் நேராகப் போய்ப் பிணத்தின் முன்னால் மண்டியிட்டாள், கொஞ்ச நேரம் அழுதாள். எழுந்தவள், இன்னும் ஏன் எடுக்கவில்லை என்று எனெலெசியிடம் கேட்டாள். எனெலெசி சொன்னாள். டொரிக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டாள். இடுகாடு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நிற்காமல், யாரும் வெட்டாமல் விட்டதால் தூரத்தில் உயரமாகத் தெரிந்த இடுகாட்டு மரக்கூட்டத்தைப் பார்த்து நடந்தாள்.

மாமரத்தடியில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. குழி தோண்டுகிற இடத்துக்குப் பொம்பளை போகக் கூடாது. போனதாக அந்த ஊரில் கதைகூடக் கிடையாது. திரும்பி வந்துவிடுவாள் என்று முதலில் நினைத்தார்கள். சற்று நேரத்தில் மரங்களுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மண்ணில் இரும்பு விழுகிற சத்தம், ஒரே சீராக, அவசரமில்லாமல். தலைவர் கலாண்டா காதைக் கொடுத்துக் கேட்டார். குழி தோண்டுகிறவர்களில் மூத்தவர் ஒருவர், வாய்க்குள் வசவோடு எழுந்து மண்வெட்டியை எடுத்தார். பிறகு இன்னொருவர். "நம்ம இடுகாட்டுல ஒரு பொம்பளை குழி வெட்டினான்னு நாளைக்கு ஊர் ஊரா சிரிப்பான்" என்று சொல்லிக்கொண்டே மற்றவர்களும் கிளம்பினார்கள். தலைவர் ஒருவரையும் தடுக்கவில்லை. போகிறவர்களைப் பார்த்துவிட்டு ஜைலோசியைப் பார்த்தார்.

"உனக்காக இல்ல. தெரிஞ்சுக்க."

தெரியும் என்று ஜைலோசி தலையாட்டினார்.

முழங்கால் ஆழம் தோண்டியிருந்த டொரிக்காவைக் கையைப் பிடித்து வெளியே ஏற்றி, திட்டி அனுப்பினார்களாம். அவள் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போலக் களி கிண்டுகிற பெண்களோடு உட்கார்ந்து துடுப்பை வாங்கிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் மெட்சனைப் புதைத்து முடித்தார்கள்.

டொரிக்கா சாப்பிட்ட கையோடு எழுந்தாள். தார்ச்சாலைவரை ஜைலோசி கூடவே நடந்தார். வளைவு என்ன ஆயிற்று என்று கேட்டார். கேட்ட பிறகு, இந்த நேரத்தில் இதைக் கேட்கிறேனே என்று கூசியது. காலையிலேயே உச்சிச் செங்கல் வைத்து மூடியாயிற்று, நனைந்த சாக்குப் போட்டிருக்கிறது என்றாள். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்.

"தம்பி பக்கம் நான் கலவையைப் பருமனாத்தான் போட்டேன். அவரு போடுற மாதிரி. நீங்க வந்து சொரண்டச் சொல்வீங்கன்னு தெரியும். சொல்லாதீங்க."

அதுவரை வராத அழுகை அவருக்கு அங்கே வந்தது. ரோட்டோரம் கல்லில் உட்கார்ந்துவிட்டார், இனி எழுந்திருக்க முடியுமா என்ற கவலைகூட இல்லாமல். அவள் பக்கத்தில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்தபின், மாமரத்தடியில் இருந்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று தெரிந்துதான் போனாயா என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? எந்திரிக்கலேன்னா நானே வெட்டி முடிச்சிருப்பேன். அஸ்திவாரம் தோண்டாத கையா இது?"

மினிபஸ் ஏற்றத்தில் திணறிக்கொண்டு வந்தது. இன்றைக்கு அக்கா வீட்டில் இருந்துவிட்டுக் காலையில் போகலாமே என்றார் ஜைலோசி.

"அரை நாள் முடிஞ்சு போச்சு மேஸ்திரி."

இந்தத் தடவை அதில் குத்தல் எதுவும் இல்லை. அவள் களைத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான். இடுப்புத் துணியின் ஓரத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு மழைக்காலம் முடிந்த அந்த மதியம் ஞாபகம் வந்தது. பஸ் வந்து நின்றது. நடத்துனன் கதவைத் தட்டி அவசரப்படுத்தினான்.

"டொரிக்கா, அன்னைக்கு நீ அரை நாள் போனியே. செத்தது யாரு?"

அவள் ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள். திரும்பி அவரைப் பார்த்தாள்.

"எங்கம்மா" என்றாள்.

பஸ் போய்விட்டது. ஜைலோசி அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து போய் அக்கா வீட்டில் இருக்க வேண்டும், தலைவருக்கு ஆடு சொல்ல வேண்டும், இன்ஜினியருக்குப் போன் செய்ய வேண்டும். எதற்கும் அவர் எழுந்திருக்கவில்லை.