மூங்கில் காட்டின் முதல் மழை

'நாக்கில் நடனமாடியது' என்று யாராவது எழுதினால் கால்புள்ளிக்குப் பற்றிக்கொண்டு வரும். நாளிதழின் பிழைதிருத்தும் மேசையில் உட்கார்ந்து அவள் அந்த நடனத்தை அடிக்காத வாரமே கிடையாது. ஐஸ்கிரீம் நடனமாடும், பழச்சாறு நடனமாடும், ஒருமுறை பிஸ்கட்கூட ஆடியது. அவள் சிவப்பு மையால் அடித்து அனுப்புவாள். மறுநாள் அச்சில் பார்த்தால் ஆட்டம் ஓகோவென்று நடந்து முடிந்திருக்கும். பிழையைத் திருத்தினால் போதும், ரசனையைத் திருத்த வேண்டாம் என்று இணைப்பிதழ் ஆசிரியர் சொல்லிவிட்டார். கால்புள்ளி என்ற பெயரும் அவர் வைத்ததுதான். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சமிருந்தது.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. வாயில் போட்ட ஒரு பொருள் எப்படி இருந்தது என்று, உள்ளது உள்ளபடி, ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அதன் கீழே தன் பெயரை அச்சில் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று கணவரிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

அதனால், புதுப் பொருள் அறிமுக விழாக்களுக்கெல்லாம் வழக்கமாகப் போகும் நிருபர் மாடிப்படியில் காலைச் சுளுக்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டபோது, பாவம் என்று நினைப்பதற்கு முன்னால் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஆசிரியர் நேராக அவள் மேசைக்கு வந்தார். வயதில் அவளுக்குத் தம்பி. காரியம் ஆக வேண்டுமென்றால் அக்கா என்பார், மற்ற நேரத்தில் கால்புள்ளி. ஜப்பான் பாணியில் ஒரு பானம் வருகிறதாம், மறுநாள் மாலை நாலு மணிக்கு அறிமுக விழாவாம், ஆறு மணிக்குள் ஒரு பெட்டிச் செய்தி வேண்டுமாம்.

"நல்லா வந்துச்சுன்னா வாராவாரம் உங்க பேர்லயே ஒரு பெட்டி போட்டுடலாம்க்கா. 'குடித்துப் பார்த்தோம்'னு தலைப்பு" என்றார்.

குடித்துப் பார்த்தோம். விழா அன்று அவள் மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாக்கு சுத்தமாக இருக்க வேண்டாமா? முந்தின நாளே ஜப்பானியர் எப்படி வணங்குவார்கள், எப்படி உடுத்துவார்கள் என்று தேடிப் படித்தும் வைத்திருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் வேலைக்கு நடுவே வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டு, வயிறு முட்டக் குடித்துவிட்டு வா என்று ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

மண்டப வாசலில் தெர்மாகோலில் செய்த சிவப்பு வளைவு. அதற்கு அந்தப் பக்கம் காகித விளக்குகள், பிளாஸ்டிக் பூ பூத்த மரங்கள். ஜப்பான் முறைப்படி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டுமென்றார்கள். அவள் போட்டிருந்தது தங்கையிடம் இரவல் வாங்கிய ஷூ. ஷூவைப் பார்ப்பவர்கள் காலுறையை எங்கே பார்க்கப் போகிறார்கள் என்று கணவருடையதை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது கட்டைவிரல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து எல்லோரையும் நலம் விசாரித்தது.

வாக்கி-டாக்கியும் கையுமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் அங்கே எல்லாம். விளம்பர நிறுவனத்துப் பெண். வந்தவர்களின் மணிக்கட்டில் காகிதப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். லட்சக்கணக்கில் ஆட்கள் பின்தொடரும் வீடியோக்காரர்களுக்குத் தங்கப் பட்டை, தொலைக்காட்சிக்குப் பச்சை.

"பிரிண்ட்டா மேடம்?" என்று, ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒருவரைப் பற்றி விசாரிக்கிற குரலில் கேட்டுவிட்டு, கால்புள்ளிக்கு வெள்ளைப் பட்டையைச் சுற்றினாள்.

நடு மேசையில் இளம்பச்சை நிறத்தில் நுரை கட்டிய கண்ணாடிக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. கால்புள்ளி ஒன்றை எடுக்கக் கையை நீட்டினாள். அது டிஸ்ப்ளே மேடம் என்று வாக்கி-டாக்கி பறந்து வந்தது. சரி, அதுவரைக்கும் கொஞ்சம் தண்ணீராவது கிடைக்குமா என்று கேட்டாள். இன்றைக்கு இந்த மண்டபத்துக்குள் வேறு எந்தப் பானமும் கண்ணில் படக்கூடாது என்பது கம்பெனியின் உத்தரவாம். தண்ணீரும் அதில் சேர்த்தியாம். தாகத்துக்குக் குடிக்கிற ஒன்றை அறிமுகப்படுத்துகிற இடத்தில் தாகத்தைத் தவிர எல்லாம் இருந்தது.

அடுத்து அங்கி. கிமோனோ மாதிரி தைத்த சாட்டின் அங்கியை எல்லோருக்கும் மாட்டிவிட்டார்கள். பார்த்தவுடன் கால்புள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது பக்கம்தான் மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது செத்தவர்களுக்கு உடுத்துகிற முறை என்று முந்தின நாள்தான் படித்திருந்தாள். மண்டபத்தில் பாதிப் பேர் பிணக்கோலத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிழையைக் கண்டால் சும்மா இருக்க முடியாத கை அவளுடையது. பக்கத்தில் நின்றவரின் அங்கியை இழுத்துச் சரிசெய்யப் போனாள். அவர் என்ன நினைத்தாரோ, இரண்டடி தள்ளிப் போய்விட்டார். வாக்கி-டாக்கியிடம் சொல்லிப் பார்த்தாள். போட்டோ எல்லாம் அனுப்பியாகிவிட்டது மேடம், இனிமேல் மாற்றினால் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்றாள் அவள்.

தலைமை விருந்தினர் தொலைக்காட்சித் தொடர் நடிகர். அவர் வருகிறார், கிளம்பிவிட்டார், லிஃப்டில் இருக்கிறார் என்று மணியோசைதான் முன்னே முன்னே வந்துகொண்டிருந்தது, யானையைக் காணோம். அந்த நேரத்தில் ஒரு தொகுப்பாளர் மேடையேறிப் பானத்தின் பெயரைச் சரியாக உச்சரிக்க எல்லோருக்கும் பயிற்சி கொடுத்தார். தொண்டை வறண்டு போனவர்களைக் கத்தச் சொல்வதில் அவருக்கு என்ன திருப்தியோ. கால்புள்ளி உதட்டை மட்டும் அசைத்தாள். எச்சிலை வீணாக்க அவளுக்கு மனமில்லை.

ஒருவழியாக நடிகர் வந்தார். மேடையில் ஒரு மரப்பீப்பாய். அதன் மூடியைச் சுத்தியலால் தட்டி உடைத்துத் திறப்பது அவர்கள் நாட்டு வழக்கம் என்று அறிவித்தபோது கால்புள்ளிக்கு உயிர் வந்தது. பீப்பாய் என்றால் உள்ளே பானம், பானம் என்றால் ஆளுக்கொரு கோப்பை. நடிகர் ஓங்கி ஒரு போடு போட்டார், மூடி பிளந்தது. கேமராக்காரர் ஒருவர் தனக்குச் சரியாக விழவில்லை என்றார். உடைந்த மூடியை டேப் போட்டு ஒட்டி மறுபடி உடைத்தார்கள். மூன்றாவது உடைப்புக்குப் பிறகு எட்டிப் பார்த்தால் உள்ளே முழுக்க ரோஸ் நிறக் காகித இதழ்கள். மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள், அவை மண்டபமெங்கும் பறந்தன. வறண்ட நாக்கில் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அந்த மாலையில் அவள் வாய்க்குள் போன முதல் பொருள் அதுதான்.

பிறகுதான் பரிமாறினார்கள். பந்திக்கு முந்து என்பது இங்கே தங்கப் பட்டைக்காரர்களுக்குச் சொன்னது. அவர்களுக்குக் கண்ணாடிக் கோப்பை, பச்சைக்குக் காகிதக் கோப்பை. வெள்ளைக்கு வந்தபோது இருமல் மருந்து ஊற்றிக் கொடுக்கிற அளவில் ஒரு குட்டிக் கிண்ணம். அதுவே போதும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வாய் தாராளம். கால்புள்ளி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். உதட்டருகே கொண்டுபோனாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்."

மண்டபத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஒரு தங்கப் பட்டைப் பையன். அவனுடைய கோப்பையில் நுரை அடங்கிவிட்டதாம், அவள் கிண்ணத்தில் மட்டும்தான் நுரை நிற்கிறதாம். ஒரே ஒரு ஷாட், இதோ தந்துவிடுகிறேன் என்று, அவள் சரி என்பதற்குள் வாங்கிக்கொண்டு போனான். ஜன்னலோரம் வைத்து எடுத்தான். தொட்டியில் வைத்திருந்த ஜப்பான் பாணிக் குட்டை மரத்தடியில் வைத்து எடுத்தான். கடைசியில் பானம் வழிகிற மாதிரி ஒன்று வேண்டுமென்று அந்த மரத்தின் தொட்டியிலேயே சாய்த்து எடுத்தான். திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தபோது, ரொம்பத் தேங்க்ஸ்க்கா, செம்மையா வந்திருக்கு என்றான். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சும்மாவா சொன்னார்கள். அவளுக்கு அழுகை வந்தது. பெற்ற பிள்ளையாக இருந்தால் அங்கேயே காதைத் திருகியிருப்பாள்.

இன்னொரு கிண்ணம் கேட்டுப் போனாள். தீர்ந்துவிட்டதாம். அப்போதுதான் ஆசிரியர் போன் செய்தார்.

"எங்கக்கா மேட்டர்? பக்கம் காத்துட்டு இருக்கு."

"நான் இன்னும் குடிக்கவே இல்ல சார்."

"அதனால என்னக்கா? பையில ஒரு காகிதம் குடுத்திருப்பாங்க பாருங்க. அதுல சுவை எல்லாம் எழுதியிருக்கும்."

"குடிக்கலைன்னு எழுதட்டுமா சார்? நடந்ததை நடந்தபடியே எழுதினா நல்லா வரும்."

ஆசிரியர், எதிர்ப் பக்கத்தில் அவர்களுடைய முழுப்பக்க விளம்பரம் ஓடுகிறது என்பதை மட்டும், மிகவும் மரியாதையாக, சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பையில் ஒரு காகித விசிறி, ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சி, ஒரு பாட்டில். பாட்டிலைப் பார்த்ததும் ஒரு நொடி மனம் குளிர்ந்தது. தூக்கினால் காற்றாக வந்தது. போட்டோவுக்கான காலி பாட்டிலாம், சரக்கு அடுத்த வாரம்தான் கடைக்கு வருமாம். கூடவே, விளம்பர நிறுவனம் எழுதிக் கொடுத்த அந்தக் காகிதம். 'மூங்கில் காட்டில் பெய்யும் முதல் மழையின் சுவை. முதல் துளியிலேயே நாக்கில் நடனமாடும்.'

அதிலிருந்து ஒரு சொல்லையும் அவள் எடுக்கவில்லை. செருப்பு வைத்த இடத்தில், ஷூவில் ஒரு கால், ஓட்டைக் காலுறையில் ஒரு காலாக நின்றபடியே, பீப்பாய், காகித இதழ், வெள்ளைப் பட்டை, மரத்தொட்டி எல்லாவற்றையும் போனில் தட்டி எழுதினாள். 'இந்தப் பானத்தின் சுவையை அந்தக் குட்டை மரத்திடம்தான் கேட்க வேண்டும்' என்று முடித்தாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. ஒரு பிழை இல்லை. அனுப்பிவிட்டு, தெருக்குழாயைத் தேடிப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள்.

மறுநாள் காலையில் அவளுக்கு முன்பே எழுந்து கணவர் பேப்பர் வாங்கி வந்துவிட்டார், ஒன்றல்ல, ஐந்து. இணைப்பிதழின் மூன்றாம் பக்கத்தில், தடித்த எழுத்தில், அவளுடைய முழுப் பெயர். அதற்கு மேலே மூங்கில் காட்டில் முதல் மழை பெய்து, நாக்கில் நடனமும் ஆடி முடித்திருந்தது. அவள் எழுதியதில் 'விழாவில்' என்ற ஒரே ஒரு வார்த்தைதான் தப்பிப் பிழைத்திருந்தது.

அவர் உரக்கப் படித்தார். படித்துவிட்டு, கள்ளம் கபடம் இல்லாமல்தான் கேட்டார்.

"ஏம்மா, நீ எப்ப மூங்கில் காட்டுக்குப் போனே?"

அவள் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை வேண்டிய அளவுக்கு மேல் சத்தமாகக் கழுவினாள். அவமானமாக இருந்தது. எத்தனையோ பேருடைய பெயருக்கு மேலே அந்த நடனத்தை அடித்தவள் அவள். தன் பெயருக்கு மேலே வந்ததை அடிக்க ஒரு சிவப்புப் பேனா போதவில்லை. அலுவலகத்தில் ஆசிரியர், பிரமாதம்க்கா, வாராவாரம் வைத்துக்கொள்ளலாம் என்றார். பிழைதிருத்தும் மேசையே தேவலை சார் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பானம் கடைகளுக்கு வந்தது. வேலை முடிந்து போகிற வழியில் மளிகைக் கடைக் குளிர்பெட்டியில் பச்சையாக நின்றுகொண்டிருந்தது. வாங்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். வாங்கினாள். கடை வாசலில் நின்று மூடியைத் திருகும்போது போன் அடித்தது. வாக்கி-டாக்கிப் பெண்.

நன்றி சொல்லக் கூப்பிட்டாளாம். பத்திரிகைகளில் வந்ததிலேயே கால்புள்ளி எழுதியதுதான் கம்பெனிக்கு ரொம்பப் பிடித்ததாம், குறிப்பாக அந்த மூங்கில் காடு. அடுத்த விழாவில் தங்கப் பட்டை நிச்சயமாம்.

"அது நீ எழுதினதுதானேம்மா" என்றாள் கால்புள்ளி.

அந்தப் பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆமா மேடம். ஆனா நான் எழுதினப்போ பானமே தயாராகலை. கலரை மட்டும்தான் காட்டினாங்க" என்றாள்.

"அப்புறமாவது குடிச்சியா?"

"எங்க மேடம்? அன்னைக்கு எங்க ஆளுங்களுக்கு மிச்சமே இல்ல. காலையில இருந்து நானும் தண்ணி குடிக்காமதான் ஓடிட்டு இருந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "மேடம், நிஜமாவே அது எப்படித்தான் இருக்கும்?"

அந்த மாலை முழுக்க இந்தப் பெண்ணின் மேல் வைத்திருந்த கோபத்தைக் கால்புள்ளி தேடிப் பார்த்தாள், காணவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வியை இவள் கேட்டுவிட்டாள். இரு என்றாள். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இன்னொரு வாய் குடித்தாள். கடைக்குள் போக வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எலுமிச்சந்தோலைக் கிள்ளின விரலோட, ஆறிப்போன டீயைக் குடிச்ச மாதிரி இருக்கு. முதல் வாய்க்குக் கோவம் வருது, ரெண்டாவது வாய்க்குப் பழகிடுது."

மறுமுனையில் ஏதோ இழுப்பறையைத் திறந்து மூடுகிற ஓசை கேட்டது.

"மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க. எனக்காக எழுதி வச்சுக்கறேன்."

அவள் சொன்னாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, கால்புள்ளி எங்கே வரும் என்பதையும் சேர்த்து.