உப்பைக் கொத்தும் ஊசி

“அப்போ உங்க ரெண்டு பேரைத் தவிர வேற யாருமே இதைப் பாத்ததில்ல?”

“யாரும் பாக்கலீங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. அக்கம்பக்கம், சொந்தக்காரங்க, ஃபோன்ல ஃபோட்டோ கீட்டோ?”

“இல்லீங்கக்கா, யாருமே…” என்று சொல்லிக்கொண்டே ஆனந்தி பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய அண்ணன் சதீஷ், மேலே சுற்றும் ஃபேனை வாழ்நாளில் இப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவனைப் போல அண்ணாந்திருந்தான்.

“அண்ணா.”

“ம்.”

“என்ன?”

“ஆயுத பூஜை,” என்றான் சதீஷ், ஃபேனிடமே.

மேசைக்கு அந்தப்புறம் ஷமீனா பேனாவை மூடி வைத்தாள். பாலக்காட்டில் அவளுடைய வாப்பாவின் இரும்புக் கடைக்கு மேல்மாடியில்தான் அவள் அலுவலகம். புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர்களுக்குப் பேட்டன்ட் வாங்கித் தருவது அவள் தொழில். கொழிஞ்சாம்பாறையில் சதீஷ் நடத்தும் லேத் பட்டறைக்குக் கம்பியும் தகடும் கீழே அந்தக் கடையிலிருந்துதான் போகும். அந்தப் பழக்கத்தில்தான் அண்ணனும் தங்கையும் இன்று மாடிப்படி ஏறி வந்திருந்தார்கள்.

மேசை நடுவே கட்டைவிரல் அளவில் ஒரு சின்னப் பொருள் இருந்தது. ஆனந்தி அதற்குக் கொத்தி என்று பேர் வைத்திருந்தாள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். சொட்டுநீர்க் குழாய் போட்ட கொஞ்ச நாளிலேயே தண்ணீர் விழும் துளைகள் வெள்ளையாய்ப் பூத்து அடைத்துக்கொள்ளும். ஆட்கள் கையில் ஊசியோடு தென்னை தென்னையாகக் குனிந்து குத்திக்கொண்டு போவார்கள். ஆனந்தி அந்த ஊசியைத் துளைக்குள்ளேயே குடி வைத்துவிட்டாள். மோட்டார் ஓடினால் தண்ணீரின் வேகத்தில் உள்ளே இருக்கும் ஊசி மேலெழுந்து உப்பைக் கொத்தும். நின்றால் தானாக இறங்கிவிடும். யாரும் குனிய வேண்டியதில்லை. கரண்ட் வரும் நேரத்தில் எல்லாத் தோப்பிலும் ஆயிரமாயிரம் ஊசிகள் ஒரே சமயத்தில் கண்விழித்து எழுவதை அவள் பஸ்ஸில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டுதான்.

“பூஜையில என்ன பண்ணினீங்க?” என்றாள் ஷமீனா.

“புதுச் சாமானை பூஜையில வெக்காம வேலைக்கு எடுக்கக் கூடாதுங்க. எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான். ஸ்பேனர், ட்ரில்லு, எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வெச்சோமுங்களா, நடுவுல இதை வெச்சேன்.”

“யாரு யாரு வந்தாங்க?”

“தெருவே வந்துச்சுங்க. பொரிகடலை குடுத்தமில்லீங்க.” அவன் பார்வை மறுபடி ஃபேனுக்குப் போனது. “கோயம்புத்தூர்ல இருந்து அந்த சொட்டுநீர்க் கம்பெனி ஆளு, மோகனசுந்தரம், அவரும் வந்தாரு. ஃபோட்டோ எடுத்தாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல நீ?” என்றாள் ஆனந்தி.

“நீதான அம்மிணி கூடவே நின்னு பொரி அள்ளிப் போட்டே.”

உண்மைதான். அள்ளிப் போட்டது அவளேதான். பூஜையில் வைப்பதை ஊருக்குக் காட்டுவது என்று அன்று அவளுக்கும் தோன்றவே இல்லை. சாமிக்குக் காட்டுவதாகத்தான் நினைத்தாள்.

“பதிவு பண்றதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரிஞ்சுட்டா, அப்புறம் அது யாரோட பொருளும் இல்ல,” ஷமீனா மெதுவாகச் சொன்னாள். “அந்தக் கம்பெனிக்காரன் பிளாஸ்டிக்ல அடிச்சு நாளைக்கே கடையில தொங்க விடுவான். நீ கேக்க முடியாது.”

ஆனந்திக்குக் காதுக்குள் மோட்டார் ஓடுவது போல இருந்தது. மூன்று வருட வேலை. எத்தனை ரப்பர் வாஷர், எத்தனை உடைந்த ஊசி.

“அந்த ஃபோட்டோ இருக்கா?”

சதீஷ் தன் ஃபோனைத் துழாவினான். அவனும் அன்று ஸ்டேட்டஸ் வைத்திருந்தானாம், இதையும் இப்போதுதான் சொன்னான். ஷமீனா படத்தை விரித்து விரித்துப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

“என்னங்க?”

“ஏம்ப்பா, எவ்வளவு சந்தனத்தைத்தான் அப்புவீங்க?”

ஆனந்தி எட்டிப் பார்த்தாள். படத்தில் கொத்தியே இல்லை. சந்தன உருண்டை ஒன்று உட்கார்ந்திருந்தது, நெற்றியில் குங்குமத்தோடு, தலையில் ஒரு செவ்வந்திப் பூவோடு.

“யாராவது கையில எடுத்தாங்களா? திருகிப் பாத்தாங்களா? தண்ணி விட்டுக் காட்டினீங்களா?”

“ஐயோ, பூஜையில வெச்ச சாமானை அன்னிக்குத் தொடக்கூடாதுங்க,” என்றான் சதீஷ், இது கூடத் தெரியாதா என்ற குரலில். “அந்தாளு எடுக்கத்தான் கையை நீட்டினாரு. நான் வுடல. மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுப்போம்.”

ஷமீனா நாற்காலியில் சாய்ந்தாள். “அப்போ பிரச்சனை இல்ல. சந்தனத்தைப் பாத்தாங்க, அவ்வளவுதான். உள்ள இருக்கற ஊசிதான் உன் கண்டுபிடிப்பு. அதை யாரும் பாக்கல.” அவள் கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். “இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆன்லைன்ல போட்டுடறேன். முதல் அப்ளிகேஷன் போயிருச்சுன்னா அப்புறம் நீ மைக் வெச்சுக்கூடச் சொல்லலாம்.”

“பேரு கொத்தின்னே போட்டுருங்கக்கா.”

“பேருக்கு வேற அப்ளிகேஷன். முதல்ல ஊசியைக் காப்பாத்துவோம்.” தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. “இரு. விஜயதசமிக்கு எடுத்து என்ன பண்ணினீங்க?”

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் வேலையைத் தன் வீட்டுக்குச் செய்துகொள்ளக் கூடாது என்பது அந்தப் பட்டறையின் இன்னொரு வழக்கம். அதனால் செய்து வைத்திருந்த கொத்திகளைப் பொங்கியண்ணப் பெரியப்பாவின் தோப்பில் ஒரு வரிசைத் தென்னைக்கு மாட்டிவிட்டு வந்தார்கள். மாசி வெயிலிலும் ஒரு துளைகூட அடைக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் பேட்டன்ட் என்ற எண்ணமே வந்தது.

“சோதனைக்குத்தான வெச்சீங்க? அதுக்குச் சட்டத்துல இடம் இருக்கு. அவர் யாருக்கும் கழட்டிக் காட்டலையே?”

“எங்க பெரியப்பா அப்படியெல்லாம்…” என்று ஆனந்தி ஆரம்பித்தபோது அவள் ஃபோன் அடித்தது. பெரியப்பாதான்.

“அம்மிணி, எங்கிருக்கறே? நம்ம தோப்புக்கு ஆள் வந்துருக்குது. கோயம்புத்தூர் கம்பெனி. உன்ற சாமானைத்தான் பாக்கோணுமாம். மொத்தமா எடுத்துக்கறாங்களாமா, எத்தன செஞ்சாலும் எடுத்துக்கறாங்களாமா!”

“பெரியப்பா, கழட்டிக் காட்டாதீங்க.”

“என்ன கண்ணு? மோட்டார் ஓடுது, ஒண்ணும் கேக்க மாட்டீங்குது. காப்பி வெச்சுக் குடுத்துட்டு இருக்கறேன். நீ வா.”

லைன் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

“போங்க,” என்றாள் ஷமீனா, கண்ணை எடுக்காமல் தட்டிக்கொண்டே. “இதுல ரெண்டு கையெழுத்தைப் போட்டுட்டு ஓடுங்க. நான் முடிக்கற வரைக்கும் அதை யாரும் திறக்கக் கூடாது. திறந்தாலும் வழக்காடலாம், ஆனா வருஷக்கணக்கா வழக்காட உங்களால ஆகுமா?”

சதீஷின் பைக் சித்தூரைத் தாண்டும்போது ஆனந்திக்குப் பயமா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எத்தனை செஞ்சாலும் எடுத்துக்குவாங்க! பனை மரங்கள் பின்னால் ஓடின. பொள்ளாச்சி பஸ் ஒன்று வழிவிடாமல் ஆடிக்கொண்டு போனது. இதே பஸ்ஸின் டாப்பில் கொத்தி பெட்டி பெட்டியாக ஏறிப் போவதை அவளால் காண முடிந்தது. பெட்டியின் மேல் பச்சை எழுத்தில் பேர். பொள்ளாச்சி, உடுமலை, உப்புத் தண்ணீர் உள்ள ஊரெல்லாம். அந்தப் பெட்டியின் அடியில் செய்தவர் என்ற இடத்தில் வேறொருவன் பேர் இருந்துவிடுமோ என்று நினைத்ததும் அண்ணன் சட்டையை இறுகப் பிடித்தாள்.

“அண்ணா, வேகமாப் போ.”

“இதுக்கு மேல போனா நாம வேற ஊருக்குப் போயிருவோம்.”

தோப்பு வரப்பில் பைக்கைச் சாய்த்துவிட்டு இருவரும் ஓடினார்கள். முதல் வரிசைத் தென்னையடியில், சட்டைக் கையை மடித்துவிட்டு மோகனசுந்தரம் நின்றிருந்தார். அவர் உள்ளங்கையில் ஒரு கொத்தி இருந்தது. கழுத்து நரம்பு புடைக்க மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். மாதக்கணக்கில் தண்ணீரில் கிடந்ததில் மூடியின் திருகு மரையெல்லாம் உப்பு கட்டி இறுகியிருந்தது. எந்த உப்பை ஒழிக்க அவள் மூன்று வருடம் மல்லுக்கட்டினாளோ, அந்த உப்பு இப்போது அவள் பக்கம் நின்று மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“வந்துட்டயா கண்ணு,” என்றார் பொங்கியண்ணன், முகமெல்லாம் பூரித்து. “ஊடு தேடி வந்தவங்க கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா? ஒண்ணைக் கழட்டிக் குடுத்தேன். மூடிதான் வர மாட்டீங்குது. இரு, மோட்டார் ரூம்ல கொறடு கெடக்குது, எடுத்தாறேன்.”

“பெரியப்பா, வேண்டாங்க,” என்று சதீஷ் அவர் பின்னாலேயே ஓடினான்.

மோகனசுந்தரம் ஆனந்தியைப் பார்த்துச் சிரித்தார். “பூஜையன்னிக்கே நினைச்சேம்மா, இதுல என்னமோ இருக்குதுன்னு. இந்த வரிசையைப் பாரு, ஒரு துளைகூட வெளுக்கல. எங்க கம்பெனி இதை அப்படியே கொண்டுபோகும். உள்ள ஒரு தடவை பாத்துட்டா நாளைக்கே எங்க எம்.டி.கிட்டப் பேசிருவேன்.”

கம்பெனி வேண்டும். அவருடைய வண்டியும், ஏஜென்டுகளும், ஊர் ஊராக இருக்கும் கடைகளும் வேண்டும். அவள் கண்ட கனவில் பாதி அவர் கையில்தான் இருந்தது. மீதிப் பாதியும் இப்போது அதே கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே. மூடி விளிம்பில் உப்பு இன்னும் வெள்ளையாய் இறுகியிருந்தது.

மோட்டார் ரூம் பக்கமிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. “இந்தா, கெடைச்சுருச்சு!”

ஆனந்தி இரண்டு கையையும் சேர்த்து மோகனசுந்தரத்தின் முன்னே நீட்டினாள்.

“சார், சாயங்காலம் எங்க பட்டறைக்கு வாங்க. நானே திறந்து, உள்ள என்ன நடக்குதுன்னு தண்ணி விட்டுக் காட்டறேன். அதுவரைக்கும் திறக்காம, அதை எங்கையில குடுத்துருங்க.”