கை பழகிய மொழி

ஆபீசில் அவருக்கு அகராதி என்று பெயர். எந்தச் சந்தேகம் கேட்டாலும் நாற்காலியை விட்டு எழாமலே பதில் சொல்வார் என்பதால் வந்த பெயர் அது. அகராதி பிடித்த மனுஷன் என்ற அர்த்தத்தில் சொன்னவர்களும் உண்டு. அவருக்கு இரண்டிலும் பெருமைதான். ஆஸ்பத்திரிகளுக்கு ப்ரோகிராம் எழுதும் கம்பெனி. அதில் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கம்ப்யூட்டர் மொழியில் எழுதித் தள்ளியவர்.

மேலாளர் அம்மா புது மொழியைக் கொண்டுவந்தபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான் மேடம். ஒரு வாரம் குடுங்க" என்றார்.

ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டே பயிற்சிக் கணக்குகளை முடித்தார்கள். இவருக்கு முதல் பாடமே ஓடவில்லை. இத்தனை வருஷமும் அவர் மனதில் ப்ரோகிராம் என்றால் பெட்டிகள்தான். ஒரு பெட்டியில் எண்ணைப் போடுவார், எடுப்பார், கூட்டி மறுபடி அதிலேயே போடுவார். புது மொழியில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். பிறகு மாற்ற முடியாது. மாற்றப் போனால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் திட்டு விழும்.

ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எதிரே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள்.

"என்னங்க இது, மொத்தம் சமம் மொத்தம் கூட்டல் நாலா? எங்க பசங்க இப்படி எழுதினா பெரிய முட்டை போடுவேன்."

"அது பெட்டிம்மா. உள்ள இருக்கறதோட நாலைச் சேர்த்துத் திரும்ப அங்கேயே வைக்கிறது."

"பெட்டி எதுக்கு? கணக்கு என்ன, சொல்லுங்க."

"பத்துப் பேர் ஆஸ்பத்திரில இருந்த நாளையெல்லாம் கூட்டணும்."

"முதல் ஆளோட நாள், கூட்டல், மிச்சப் பேரோட மொத்தம். மிச்சப் பேருக்கும் அதே விதி. யாருமே இல்லைன்னா பூஜ்யம். அவ்வளவுதானே?"

அவர் அதை அப்படியே தட்டினார். ஓடியது. ஒரு திட்டும் விழவில்லை.

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்களுக்குத் தெரியாம இல்லீங்க. தெரிஞ்சதுதான் குறுக்க நிக்குது" என்றாள்.

"நீ உன் தாளைத் திருத்து."

அதன்பின் அவர் அவளிடம் எதையும் காட்டவில்லை. அந்த மொழியில் ஒரு பின்வாசல் இருப்பதைக் கண்டுபிடித்தார். வேறு வழியே இல்லாத இடத்துக்கென்று, மாறக்கூடிய பெட்டிகளையும் அதில் வைத்திருந்தார்கள். கவனமாகப் பயன்படுத்துங்கள் என்ற எச்சரிக்கையோடு. நோயாளிகளுக்குக் கட்டில் ஒதுக்கும் பகுதி முழுவதையும் அவர் அந்தப் பின்வாசல் வழியாகவே எழுதி முடித்தார். ஒவ்வொரு நோயாளியாக விட்டுச் சோதித்தபோது பிசகில்லாமல் ஓடியது. மேலாளர் அம்மா பாராட்டினாள். "இப்ப புரிஞ்சுதா?" என்று மனைவி கேட்டதற்கு, "ம், புரிஞ்சுது" என்று பொய் சொன்னார்.

வெள்ளோட்டத்தன்று ஆஸ்பத்திரிக்கு அவரே போயிருந்தார். காலையில் கூட்டம் நெரிந்தது. இரண்டு கவுண்டரில் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினார்கள். இரண்டுக்கும் ஒரே கட்டில் காலி என்று தெரிந்தது, இரண்டுக்கும் ப்ரோகிராம் அதையே கொடுத்தது. வார்டில் அந்தக் கட்டிலுக்கு ஒரு பக்கம் கால் முறிந்த பெண்ணைப் படுக்கவைத்திருந்தார்கள். மறுபக்கம் ஸ்ட்ரெச்சரில் ஒரு பெரியவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"எங்கப்பாவுக்கு மூச்சு வாங்குதுங்க! கட்டில் யாருதுன்னு அப்புறமா பாருங்க!" என்று அவர் மகள் கத்தினாள்.

நர்ஸ் கம்ப்யூட்டரைச் சபித்துக்கொண்டே வேறு வார்டுக்கு ஓடினாள். இடம் கிடைக்கும்வரை பெரியவர் வராந்தாவிலேயே கிடந்தார். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தபடி அகராதி சுவரோரமாக நின்றார். என்ன நடந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. ஒரே பெட்டிக்குள் இரண்டு கை நுழைந்திருக்கிறது. எதைத் தடுக்க அந்த மொழி அத்தனை திட்டுத் திட்டியதோ, அதையே அவர் செய்து வைத்திருந்தார்.

மறுநாள் மேலாளர் அம்மா அவர் எழுதியதைத் திறந்து வெகுநேரம் படித்தாள்.

"சார், இது புது மொழியில எழுதின பழைய மொழி."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சேவா? யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே."

"கேட்டுப் பழக்கமில்லை" என்றார்.

அந்தப் பகுதி புதுப் பிள்ளைகள் இருவரின் கைக்குப் போயிற்று. ஆஸ்பத்திரிகளில் இன்னும் பழைய மொழியிலேயே ஓடும் ப்ரோகிராமை மூடும்வரை அவர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "அதுக்கப்புறம்?" என்று கேட்டார். "அப்புறம் பாக்கலாம் சார்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டில் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அப்பவே சொன்னேனே என்பாள் என்று காத்திருந்தார். அவள் வேறொன்று கேட்டாள்.

"அந்தப் பெரியவர் இப்ப எப்படி இருக்கார்?"

அவருக்குச் சுருக்கென்றது. விசாரிக்கத் தோன்றவே இல்லை. எழுந்து போய் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றாள் நர்ஸ்.

"கட்டில் ஒதுக்கற ப்ரோகிராம் எழுதினவன்."

"ஆக்ஸிஜன் வச்சிருக்கு. ரெண்டு நாள் போகணும்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து, பெரியவர் வீடு திரும்பிவிட்டதாகத் தெரிந்தது. அகராதி மேலாளர் அம்மாவிடம் போய், புது மொழியின் அடுத்த பயிற்சி வகுப்பில் முதல் பாடத்திலிருந்து உட்காரட்டுமா என்று கேட்டார். உட்காருங்கள் என்றாள், வேறு வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. இப்போது வகுப்பில் கூச்சத்தோடு கை தூக்குகிறார். புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் நழுவிவிடும். பழைய ப்ரோகிராமை மூட இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன. அதற்குள் புது மொழி படிந்துவிடுமா என்று மனைவி கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.