பச்சைப் பொட்டு வைத்த மெழுகுவத்தி

மூக்கர் கண்களை மூடிக்கொண்டு கண்ணாடிக் குடுவையின் மூடியை முகத்தருகே கொண்டுபோனார். மெழுகை நேராக முகரக் கூடாது, மூடியின் உட்பக்கம் தேங்கி நிற்பதைத்தான் முகர வேண்டும் என்பது அவர் சொல்லிச் சொல்லி அந்தக் கடையில் சட்டமாகிவிட்டிருந்தது. மேசைக்கு எதிரே கட்டடக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். முதலாளியம்மா கட்டடக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கரின் மூக்குக்குள் எதுவுமே நடக்கவில்லை.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வந்துவிடும் என்றார் டாக்டர், எப்போது என்று சொல்லவில்லை. முதலாளியம்மாவிடம் மூக்கர் இதைச் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. வாசனை மெழுகுவத்திக் கடையில் மோப்பத்துக்கென்றே சம்பளம் வாங்குகிறவர், மூக்கரென்று வாடிக்கையாளர்களே பட்டம் கட்டிவிட்டவர், மூக்கு செத்துவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? முதல் வாரம் பயந்து செத்தார். இரண்டாவது வாரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். இத்தனை வருடமாக ஜனங்கள் வாங்கிக்கொண்டு போனது வாசனையை அல்ல, அதைப் பற்றி அவர் சொல்லும் வாக்கியங்களை. முன்பு முகர்ந்துவிட்டுப் பேசுவார். இப்போது முதல் பாதி வேலை மிச்சம், அவ்வளவுதான். வியாபாரம் கொஞ்சம் கூடவும் செய்தது.

ஆனால் இன்றைக்கு வந்திருப்பவர் சில்லறை ஆள் இல்லை. கட்டி முடித்த அடுக்குமாடியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாவியோடு ஒரு மெழுகுவத்தி பரிசாகக் கொடுக்கப் போகிறார். "இந்த ஆர்டர் வந்தா புதுக் கிளைக்கு நீங்கதான் பொறுப்பு" என்று காலையில் சொல்லியிருந்தார் முதலாளியம்மா. வராவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை. மூக்கருக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு எந்தத் தொழிலும் தெரியாது. தெரிந்த தொழிலும் இப்போது பாதிதான்.

கட்டடக்காரர் மூடியை வாங்கி முகர்ந்தார். நெற்றியைச் சுருக்கினார். மறுபடி முகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் பிடிபடலியே சார்."

கடையே நூறு வாசனையில் மிதந்துகொண்டிருந்தது. அதில் தனியாக எது பிடிபடும்? மூக்கர் அசரவில்லை. "முதல்ல ஒண்ணும் தெரியாது சார். மட்டமான சரக்குதான் வாசல்லயே நின்னு கத்தும். நல்ல வாசனை கதவத் தட்டிட்டு, நீங்க வான்னு சொன்ன பிறகுதான் உள்ள வரும்."

கட்டடக்காரர் மூன்றாம் முறை முகர்ந்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "ஆமா. தட்டுது."

பிறகு மூக்கர் தனக்கு உண்மையாகவே தெரிந்ததைச் சொன்னார். திரி பருத்தியா என்று பார்க்க வேண்டும், நடுவில் நேராக நிற்க வேண்டும், மெழுகு கண்ணாடியை விட்டு விலகியிருக்கக் கூடாது, முதல் தடவை ஏற்றினால் விளிம்புவரை உருகும்வரை அணைக்கக் கூடாது. இதற்கெல்லாம் கண் போதும். கட்டடக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், சாயங்காலம் இதைத் தன் வீட்டில் ஏற்றிப் பார்த்துவிடலாம், வீட்டம்மா சரியென்றால் நாளைக்கே ஆர்டர், எல்லோரும் குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் குடுவையைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

கட்டடக்காரரின் வரவேற்பறையில் எல்லாமே பெரிதாக இருந்தது. சோபா, தொலைக்காட்சி, சுவரில் கட்டடக்காரரின் படம். நடுவே கண்ணாடி மேசை. மூக்கரும் மனைவியும் ஒரு பக்கம், முதலாளியம்மா எதிரே. மூக்கரின் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வழி சரி, விடை தப்பு என்று பாதி மார்க் போடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. தண்ணீரைக் குடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கட்டடக்காரர் குடுவையைத் தலைக்குமேல் தூக்கி, கோப்பை ஜெயித்தவர் மாதிரி எல்லோருக்கும் காட்டினார். அப்போதுதான் மூக்கர் அதன் அடியைப் பார்த்தார். பச்சைப் பொட்டு.

கடையின் கண்ணாடி ஜன்னலில் அலங்காரத்துக்கு வைப்பவை வெறும் மெழுகு. வெயிலில் வாசனை எண்ணெய் வியர்த்துக் கண்ணாடி மங்கிவிடும் என்பதால் ஒரு சொட்டுக்கூட எண்ணெய் சேர்க்காமல் செய்து வாங்குவார்கள். விற்கும் சரக்கோடு கலந்துவிடக் கூடாதென்று அடியில் பச்சைப் பொட்டு ஒட்டும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தவரே மூக்கர்தான். அது மூக்கு போதாத மற்றவர்களுக்காக. அவர் ஒருநாளும் அடியைத் திருப்பிப் பார்த்ததில்லை, கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். காலையில் ஜன்னலைத் துடைப்பதற்காக எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் வைத்தது நினைவுக்கு வந்தது. இதை எடுத்துக் கொடுத்தது அந்த அலமாரியிலிருந்துதான்.

கட்டடக்காரர் மேசையில் வைத்து ஏற்றினார். சுடர் ஆடாமல் நின்றது. எல்லோரும் மூச்சை இழுத்தார்கள்.

"கரண்ட் போச்சாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே கட்டடக்காரரின் தம்பி கைபேசியும் சார்ஜருமாக உள்ளேயிருந்து வந்தார்.

"ரசனை கெட்டவனே, சும்மா இரு. இது தட்டிட்டுதான் உள்ள வரும்."

தம்பி வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

மெழுகு திரியைச் சுற்றி வட்டமாக உருகத் தொடங்கியது. கட்டடக்காரர் கண்களை மூடி, கையால் காற்றைத் தன் பக்கம் தள்ளி, வீடு முழுக்க ஒரு அமைதி பரவுகிறது என்றார். அது உண்மைதான். யாரும் பேசவில்லை. முதலாளியம்மா ஒருமுறை மூச்சை இழுத்தார். இன்னொருமுறை இழுத்தார். கடையில் நூறு வாசனை காப்பாற்றியது, இங்கே காப்பாற்ற எதுவும் இல்லை. அவருடைய புருவம் மெல்லச் சேர்ந்தது. பார்வை சுடரிலிருந்து மூக்கருக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியலைங்க" என்றார் கட்டடக்காரரின் மனைவி தயங்கியபடி. உனக்கு ஜலதோஷம் என்று அதைத் தள்ளிவிட்டார் கட்டடக்காரர். தனக்கு ஜலதோஷம் எதுவும் இல்லையே என்று அந்தம்மா ஒருகணம் யோசித்தார். பிறகு மூக்கரின் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கக்கா. அவர்கூடவே இருக்கிறவங்க, உங்களுக்குத் தெரியாததா?"

மூக்கர் மனைவியைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சிவிடுவோம் என்று தோன்றியது. மனைவி எழுந்து மேசையருகே போய், சட்டப்படி மூடியை எடுத்துச் சுடருக்குமேல் கொஞ்சம் காட்டி, முகத்தருகே வைத்தார். நிதானமாக மூச்சை இழுத்தார். மூடியைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்லயும் கொஞ்ச மாசமா இதே வாசனைதான்" என்றார்.

"பாத்தியா?" என்று கட்டடக்காரர் தன் மனைவியிடம் குதித்தார்.

மூக்கருக்கு மட்டும் அது வேறு மாதிரிக் கேட்டது. போன மாதம் அடுப்பில் பால் கருகியபோது பக்கத்திலேயே நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மனைவி ஓடிவந்து அணைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. குளியல் சோப்பை மாற்றியபோது மூக்கர் பழைய சோப்பின் சந்தன வாசனையையே புகழ்ந்துகொண்டிருந்தார். அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு, இந்தப் புடவையில் வியர்வை வாசம் இருக்கா பாருங்க என்று அவர் கேட்பதே நின்றுபோயிருந்தது. ஏன் நின்றது என்று மூக்கரும் யோசித்ததில்லை.

"அப்ப நாளைக்கு இதையே அனுப்பிடலாமா சார்?" முதலாளியம்மா கேட்டார். எப்போதும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், இன்றைக்கு சார் போட்டார். குரலில் சர்க்கரை இருந்தது. கண்ணில் இல்லை. "எல்லாருக்கும் இதேதானா? நீங்க உங்க வாயால சொன்னாப் போதும்."

கட்டடக்காரர் பூரிப்போடு திரும்பினார். அவர் மனைவி திரும்பினார். மூக்கருக்கு வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் அழகான வாக்கியங்கள். எதை எடுத்தாலும் புதுக் கிளை கிடைத்துவிடலாம். அவர் முதன்முறையாக மனைவியைப் பார்த்தார். கரும்பலகை முன்னால் சாக்கட்டியோடு நிற்கும் மாணவனைப் பார்ப்பதுபோல, அவசரப்படுத்தாமல், உதவியும் செய்யாமல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூக்கர் வாயைத் திறந்தார்.

கட்டடக்காரரின் தம்பி சார்ஜர் செருகும் இடத்தைத் தேடி மேசைக்கடியில் குனிந்தார். தரையில் முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டு, மேலே நிமிர்ந்தார். கண்ணாடிக்குக் கீழே அவர் முகம் மல்லாந்து கிடந்தது. அதற்கு நேர்மேலே, அவர் பார்வை போய் நின்ற இடத்தில், அந்தப் பச்சைப் பொட்டு. அதற்கும் மேலே சுடர், யாருடைய மூச்சுக்கும் அசையாமல், நேராக.